கீழ்த்தட்டுக் கூண்டுகள்

எங்கள் ஆய்வகத் தலைவருக்கு நாங்கள் வைத்த பெயர் மைக். கையில் மைக் இல்லாதபோதும் அவர் அதே குரலில்தான் பேசுவார், லிஃப்டில் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நின்றாலும் சரி. நல்ல மனுஷர் என்றுதான் நானும் நீண்ட காலம் நம்பினேன். புது மருந்தை முதலில் போட்டுக்கொள்பவர்களில் என் அண்ணனும் இருக்கலாம் என்று அவர் சொன்ன அன்று, அவர் மேசைக்கு எதிரே உட்கார்ந்து நன்றியில் அழுதேன். அந்தக் கண்ணீரைத் திரும்பக் கேட்க வழி இருந்தால் இன்றைக்கே போய்க் கேட்டுவிடுவேன்.

என் வேலை கண் வெட்டுவது. பயப்பட வேண்டாம், சுண்டெலிக் கண். செத்த எலியின் கண்ணை மெழுகில் பதித்து, முடியை விட மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் வைத்துப் பார்க்க வேண்டும். விழித்திரையில் ஒளியை வாங்கும் செல்கள் எத்தனை அடுக்கு மிச்சம் இருக்கின்றன என்று எண்ணிச் சொல்ல வேண்டும். எந்த எலிக்கு மருந்து போட்டார்கள், எதற்குப் போடவில்லை என்று எனக்குச் சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் என் மனசு ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். என் மனசு சாயாமல் இருக்க இவ்வளவு ஏற்பாடு செய்தவர்கள் எலிகளை எங்கே வைக்கிறோம் என்பதில் கோட்டை விட்டார்கள்.

கண் நோய் எங்கள் குடும்பத்துக்கு அப்பா வழியில் வந்தது. முதலில் மங்கலில் கண் தெரியாமல் போகும். அப்புறம் பார்வையின் ஓரங்கள் போகும். கடைசியில் குழாய் வழியே பார்ப்பது போல நடுவில் மட்டும் கொஞ்சம் மிஞ்சும், பிறகு அதுவும் போகும். அப்பா சாயங்காலம் வேலை முடிந்து வரும்போது தெருவோரம் நிறுத்திய வண்டிகளில் மோதுவார், எதிரே வருகிறவர்கள் மேல் இடிப்பார், சொந்த வீட்டு வாசலைத் தாண்டிப் போய் அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவார். தெருவே அவரைக் குடிகாரன் என்றது. வாழ்நாளில் ஒரு சொட்டு தொடாத மனுஷர். "மறுத்துப் பேசினா இன்னும் சிரிப்பாங்க" என்று பேசாமல் இருந்துவிட்டார். அதை நினைத்தால் அந்தத் தெருவின் மேல் எனக்கு இப்போதும் ஆத்திரம் வருகிறது. பிள்ளைகளுக்கு அது வருவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. அண்ணனுக்கு வந்தது. எனக்கு வரவில்லை.

நான் இந்த வேலைக்கு வந்ததே அதனால்தான். உள்ளே என்னதான் கோளாறு என்று பார்த்துவிடலாமே என்று வந்தேன். பார்த்தும்விட்டேன். ஒளி வாங்கும் செல்லுக்குள் ஒரு புரதம் இருக்கிறது. நீளமான நூலாகப் பிறக்கும். சரியாக மடிந்தால்தான் அது வேலைக்கு ஆகும். பெரிய படுக்கை விரிப்பைத் தனியாளாக மடித்துப் பாருங்கள், ஒரு பக்கம் சரி செய்தால் இன்னொரு பக்கம் நழுவும். மறுமுனையைப் பிடிக்க ஒருவர் வேண்டும். செல்லுக்குள் அப்படி மறுமுனை பிடிப்பதற்கென்றே சில புரதங்கள் உண்டு. துணைப் புரதங்கள் என்போம். எங்கள் குடும்பத்தில் மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிப்போனதால், துணைகள் எவ்வளவு பிடித்தாலும் அந்த விரிப்பு மடியாமல் கசங்குகிறது. கசங்கியது உள்ளேயே குவிகிறது. வெளியே தள்ளி மாளாமல் செல் மூச்சு முட்டிச் சாகிறது.

மைக்கின் மருந்து ஒரு குட்டி மூலக்கூறு. புரதத்தின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டு, மடிகிறவரை அதைத் தாங்கிப் பிடிக்கும். யோசனை நல்ல யோசனைதான், அதில் எனக்கு இன்றைக்கும் குறை இல்லை. எலிகளுக்கும் அதே மரபணுக் கோளாறை ஏற்றித்தான் வளர்த்தார்கள். மருந்து போட்ட எலிகளின் கண்ணில் செல் அடுக்கு தடியாக இருந்தது, போடாதவற்றில் தேய்ந்து மெலிந்திருந்தது. எண்ணியவள் நானே. கட்டுரை வந்தது, பாராட்டு வந்தது, அனுமதிக் குழு தலையாட்டியது. மைக் மேடை மேடையாக ஏறினார்.

எல்லாம் முடிந்த பிறகு இரண்டு கூண்டுகள் பாக்கி இருந்தன. அந்தத் தொகுதியிலேயே கடைசியாகப் பிறந்த குட்டிகள், வயது வரும்வரை காத்திருந்தவை. அவற்றிலும் சிலவற்றின் கண்ணை வெட்டினேன், எண்ணினேன். அடுக்குகள் தடியாக இருந்தன, நல்ல ஆரோக்கியம். மருந்து போட்டவை என்று நினைத்துக்கொண்டேன். குறியீட்டைப் பிரித்துச் சொன்னார்கள்: மருந்தே போடாதவை. வெறும் உப்புநீர் ஊசி.

எங்கோ மாறிப்போயிருக்கும் என்று, அதுவரை எனக்கு வேலை இல்லாத எலி அறைக்குப் போனேன். அடையாளத்துக்கு எலியின் காதில் துளை போட்டிருப்பார்கள். அந்தக் கூண்டுகளில் மிச்சம் இருந்த எலிகளின் காதை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் மாறவில்லை. கூண்டை அதன் இடத்தில் திரும்ப வைக்கக் குனிந்தபோதுதான், எதற்காகக் குனிகிறேன் என்று உறைத்தது.

அந்த அறையில் இரும்புத் தட்டுகள் மாடி மாடியாக நிற்கும். மருந்துக் கூண்டுக்குச் சிவப்புச் சீட்டு, உப்புநீர்க் கூண்டுக்கு வெள்ளைச் சீட்டு. சிவப்பு எல்லாம் கீழ்த்தட்டில். வெள்ளை எல்லாம் மேல்தட்டில். இந்த இரண்டு வெள்ளைக் கூண்டுகள் மட்டும், மேலே இடமில்லாததால், சிவப்புகளுக்கு நடுவே கீழே செருகப்பட்டிருந்தன. மேல்தட்டுக்கு ஒரு முழம் மேலே டியூப்லைட் எரிந்துகொண்டிருந்தது. கீழ்த்தட்டில் கை நீட்டினால் ரேகை தெரியவில்லை. கைப்பேசியில் வெளிச்சம் அளக்கிற செயலி இருக்கிறதே, அதை மேலே காட்டினேன், கீழே காட்டினேன். கீழே இருந்தது மேலே இருந்ததில் ஒரு துளி.

இந்தப் புரதம் மடிந்த பிறகும் நோஞ்சான்தான். வெளிச்சம் பட்டால் பிடி விட்டுக் குலைந்துபோகும். இந்த வகை எலிகளுக்கு வெளிச்சம் அதிகமானால் கண் சீக்கிரம் கெடும் என்பது இந்தத் துறையில் நேற்றுச் சேர்ந்தவருக்கும் தெரியும். அப்படியானால் நாங்கள் எண்ணியது எதை? மருந்து காப்பாற்றிய செல்களையா, நிழல் காப்பாற்றிய செல்களையா? அந்த அறையிலேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்துவிட்டேன். அண்ணனுக்கு ஊசி போட மறுநாளே தேதி குறித்திருந்தார்கள்.

மைக்கிடம் போனேன்.

"சார், மருந்து போட்ட எலி எல்லாம் கீழ இருக்கு. போடாதது எல்லாம் லைட்டுக்குப் பக்கத்துல இருக்கு."

"ஆமாம்மா. நான்தான் அப்படி வைக்கச் சொன்னேன். மருந்து வெளிச்சத்துல கெட்டுப்போகும். புட்டியிலேயே போட்டிருக்குமே, பாக்கலையா?"

"மருந்து கெடும், சரி. எலியும் வெளிச்சத்துல கெடுமே சார். கீழ இருந்த ரெண்டு கூண்டுல மருந்தே போடாம செல் பிழைச்சிருக்கு."

அவர் குரல் இறங்கி நான் கேட்டது அப்போதுதான். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். மருந்தின் மேல் அவ்வளவு அக்கறை. உடம்புக்குள் போய்விட்ட மருந்துக்கும் வெளிச்சம் பட்டுவிடக் கூடாதே என்று எலியையே நிழலில் குடிவைத்திருக்கிறார். எலிக்குக் கண் என்று ஒன்று இருப்பது, அதுவும் கண் ஆராய்ச்சியில், எங்கள் யாருக்கும் நினைவு வரவில்லை.

"ரெண்டு கூண்டுதானே. ஏதோ விதிவிலக்கு. விட்டுடு" என்றார், அந்த இறங்கிய குரலில்.

"விட முடியாது சார். தட்டு மாத்தி வெச்சு இன்னொரு தடவை செஞ்சு பாக்கணும். அதுவரைக்கும் ஊசியைத் தள்ளிப் போடுங்க."

"தள்ளிப் போடுறதா? ஆள் எடுத்தாச்சு. தேதி குடுத்தாச்சு. நம்மளை நம்பி எத்தனை பேரு காத்துக்கிட்டு இருக்காங்க தெரியுமா? மத்தவங்களை விடு, உங்க அண்ணனை நெனச்சுப் பாரு."

"அவனை நெனச்சுதான் வந்திருக்கேன்."

"ஊசியால கெடுதல் இல்லம்மா. பாதுகாப்புச் சோதனை எல்லாம் தாண்டியாச்சு. பலன் இருக்கான்னு மனுஷங்ககிட்டதானே பாக்கப்போறோம்? அதுக்குத்தானே இந்தச் சோதனையே?"

கதவைத் திறந்துகொண்டு வெளியே வந்தேன். அந்த இரண்டு கூண்டுகள் சொன்ன சேதி சின்னதா என்ன? மருந்தே இல்லாமல், வெளிச்சம் குறைந்த மூலையில் வைத்ததற்கே செல் பிழைத்திருக்கிறது. மனுஷனுக்கும் அது பொருந்துமா என்று தெரியாது. ஆராய்ந்து பார்க்கலாம் இல்லையா? யார் பார்ப்பார்கள்? நிழலைப் புட்டியில் அடைத்து விற்க முடியாது, அதைப் பற்றி மேடை ஏறிப் பேசினால் கைதட்டலும் வராது.

அங்கிருந்து நேராக அண்ணன் கடைக்குப் போனேன். ஒரு வணிக வளாகத்தின் மாடிப்படிக்கு அடியில், ஆள் குறுக்கே படுத்தால் அடைத்துக்கொள்ளும் அகலத்தில் ஒரு கடை. கைப்பேசி பழுது பார்க்கிறான். எறும்புக் கால் தடிமனில் இருக்கிற இணைப்புகளைப் பூதக்கண்ணாடி விளக்குக்கு அடியில் வைத்துப் பற்ற வைப்பான். நடுப் பார்வை மட்டும் மிஞ்சியவனுக்கு அந்த வேலை பொருந்திப்போயிற்று. பக்கத்தில் வைத்த டீ மட்டும் தெரியாது, வாரம் ஒரு கண்ணாடித் தம்ளர் உடையும். அண்ணி முன்னால் உட்கார்ந்து ஆட்களோடு பேசுவாள்.

பக்கவாட்டில் போய் நின்றேன். அவனுக்குத் தெரியவில்லை.

"எதிர்ல வந்து நில்லு. அப்பதானே யாருன்னு தெரியும்" என்றான், செருப்புச் சத்தத்தை வைத்து.

எதிரே போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்புச் சீட்டு, வெள்ளைச் சீட்டு, டியூப்லைட், மூடிய கதவு. அவன் கையில் இருந்த பற்றவைப்புக் கோலைத் தாங்கியில் வைக்காமல் பிடித்துக்கொண்டே இருந்தான்.

"நேத்து வரைக்கும் நல்ல மருந்துன்னு சொன்னவ நீதானே?"

"நேத்து வரைக்கும் எனக்குத் தெரியாது அண்ணா."

"இப்பவும் தெரியாது. வேலை செய்யாதுன்னு உன்னால அடிச்சுச் சொல்ல முடியுமா?"

"முடியாது. செய்யும்னும் யாராலயும் சொல்ல முடியாது. ஆனா ஊசி நிஜம். கண்ணுக்குள்ள குத்துறது. சீழ் பிடிக்கலாம், விழித்திரை கிழிஞ்சு கழண்டு வரலாம். உயிரோட செல் இருக்கிற இடத்துலதான் மருந்துக்கு வேலைன்னு சொல்லி உன் நல்ல கண்ணைத்தான் கேக்குறாங்க. அதுவும் போச்சுன்னா?"

அண்ணிக்குப் பொறுக்கவில்லை. "ஒண்ணுமே இல்லாம உக்காந்திருந்த வீட்டுக்கு இப்பதான் ஒரு வழின்னு வந்துச்சு. அதையும் நீயே வந்து அடைக்கிற. உனக்கு அந்த வியாதி இல்ல, அதனால சுலபமாப் பேசுற."

அது சுருக்கென்று தைத்தது. பொய் என்றால் தைத்திருக்காது. "எனக்கு இல்ல அண்ணி. அதனாலதான் அந்த அடுக்கை எல்லாம் என்னால எண்ண முடியுது. எண்ணினதை மறைச்சுட்டு உங்க முகத்துல எப்படி முழிப்பேன்?"

அண்ணன் கோலைத் தாங்கியில் வைத்தான். விளக்கை இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொண்டான். கண் குறையக் குறைய அவன் விளக்கைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறான். அந்த வெளிச்ச வளையத்துக்கு அடியில் அவன் முகத்தைப் பார்க்க எனக்கு என்னமோ போல இருந்தது. குறைத்து வை என்று வாய் வரை வந்தது. எந்த ஆதாரத்தில் சொல்வது? யாரும் ஆராய்ந்து பார்க்காத ஒன்றை நான் எப்படிச் சொல்வது? "நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா" என்றான். "இப்ப போ. எனக்கு உன்கூடப் பேசப் பிடிக்கல."

மறுநாள் காலையில் ஆஸ்பத்திரியில் மைக் பளிச்சென்று இருந்தார். பக்கத்தில் கண் மருத்துவர், ஊசி போடப்போகிறவர், நிதானமான பெண்மணி. அண்ணனையும் அண்ணியையும் உட்காரவைத்தார்கள். எனக்கு நாற்காலி இல்லை, சுவரோரம் நின்றேன். மருத்துவர் சம்மதக் கையெழுத்தைப் பற்றி ஆரம்பித்தார். அண்ணன் கை காட்டி நிறுத்தினான்.

"சார்கிட்ட ஒண்ணு கேக்கணும். மருந்து போட்ட எலியில ஒண்ணாவது மேல்தட்டுல இருந்துச்சா?"

மைக் சிரித்தார். "அதெல்லாம் ரொம்ப நுணுக்கமான விஷயம்."

"நான் நுணுக்க வேலைதான் சார் பாக்குறேன். இருந்துச்சா, இல்லையா?"

"என்ன தட்டு?" என்று கேட்டார் மருத்துவர். மைக்கைப் பார்த்துக் கேட்டார். அவருக்கு அதுவரை யாரும் சொல்லவில்லை என்று அந்த ஒரு கேள்வியிலேயே தெரிந்துபோயிற்று.

"சின்ன விஷயம் டாக்டர். அதை அடுத்த கட்டத்துல பாத்துக்கலாம்னு இருக்கோம்."

"அடுத்த கட்டம்னா என் கண்ணா?" என்றான் அண்ணன்.

மைக் என் பக்கம் திரும்பினார். வருத்தப்படுகிற குரலில், மருத்துவருக்குக் கேட்கிற மாதிரி சொன்னார்: "இதுக்குத்தான் குடும்பத்து ஆளுங்களை ஆராய்ச்சியில சேர்க்கக் கூடாதுங்கிறது. பாவம், உணர்ச்சிவசப்பட்டுட்டா. இதுல இவ பேச்சை எடுத்துக்க முடியாது."

"உணர்ச்சிவசப்பட்டு எண்ணல சார்" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "எது எந்த எலின்னு தெரியாமதான் எண்ணினேன். நான் எண்ணினதை வெச்சுதான் நீங்க மேடை ஏறினீங்க. நல்ல முடிவு வந்தப்போ நான் ஆராய்ச்சியாளர். கெட்ட முடிவு வந்தப்போ மட்டும் குடும்பத்து ஆளா?"

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். அண்ணன் எழுந்தான். பக்கத்தில் இருந்த குப்பைக்கூடையை இடித்துக் கவிழ்த்தான். அண்ணி குனிந்து அதை நிமிர்த்தி வைத்துவிட்டு அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். என்னை அவள் பார்க்கவில்லை.

வெளியே காத்திருக்கிற இடத்தில் நாற்காலி வரிசை நிறைந்திருந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள், துணைக்கு வந்தவர்கள். எல்லோரும் அதே ஊசிக்கு வந்தவர்கள். எங்கள் செருப்புச் சத்தம் கேட்டதும் ஓர் இளைஞன் முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பி அண்ணனைத் தேடிக் கண்டுபிடித்தான். லாரி ஓட்டிக்கொண்டிருந்தவனாம், உரிமம் போய்விட்டதாம். அவனே சொன்னான்.

"அண்ணே, உங்களுக்குப் போட்டாச்சா? வலிச்சுதா?"

அண்ணன் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினான்.

"எனக்கு முதல்ல பயம்தான்ணே. வேண்டாம்னு வீட்டுல ஒத்தக் கால்ல நின்னாங்க. அப்புறம் கூட்டத்துல சார் சொன்னாரு பாருங்க, அதுலதான் எல்லாரும் சரின்னுட்டாங்க. அவர்கிட்ட வேலை பாக்குற பொண்ணு ஒண்ணு, எலிக் கண்ணை வெட்டிப் பாக்குறதே அதுதானாம். அதுவே தன்னோட சொந்த அண்ணனை இந்த ஊசிக்குக் கூட்டிட்டு வருதாம். கெட்ட மருந்துன்னா கூடப் பொறந்தவனுக்குப் போடவிடுமா, நீங்களே சொல்லுங்கன்னாரு. நியாயந்தானே?"

வரிசையில் இரண்டு மூன்று பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள்.

உள்ளே என் பேச்சு செல்லாது. காரணம், நான் தங்கச்சி. வெளியே என்னைக் காட்டித்தான் மைக் இத்தனை கண்களையும் கூட்டி வந்திருக்கிறார். காரணம் அதேதான். ஓடிப்போய் அந்தக் கதவை உதைக்கலாம் போல இருந்தது. எங்கள் அப்பாவைக் குடிகாரன் என்ற தெருவின் மேல்கூட எனக்கு இத்தனை ஆத்திரம் வந்ததில்லை. அந்தத் தெருவுக்கு ஒன்றும் தெரியாது. இவருக்கு எல்லாம் தெரியும்.

செவிலியர் கதவைத் திறந்து அந்த இளைஞனின் பெயரைக் கூப்பிட்டார். அவன் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தான். அண்ணன் கையை நீட்டிக் காற்றில் துழாவி அவன் தோளைப் பிடித்தான்.

"உக்காரு தம்பி. அந்த அண்ணன் நான்தான். எனக்குப் போடல." பிறகு என் பக்கம் தோராயமாகத் தலையைத் திருப்பினான், முகத்தைப் பார்க்காமல். "தங்கச்சி இவ. நேத்து எனக்குச் சொன்னதை அப்படியே இவங்களுக்குச் சொல்லு. பூசி மெழுகாதே."

சொன்னேன். நின்றுகொண்டே, எல்லோருக்கும் கேட்கிற குரலில், மேல்தட்டையும் கீழ்த்தட்டையும் கையால் காட்டிக் காட்டிச் சொன்னேன். பாதிப் பேருக்கு என் கை தெரியாது என்று நடுவில் நினைவு வந்தது, வாயால் மறுபடி சொன்னேன். உள்ளேயிருந்து மைக் வந்து கதவருகில் நின்றார். பின்னாலேயே வந்த மருத்துவர் அவர் பேச வாயெடுத்தபோது கையமர்த்தினார். ஒரு பெரியவர் என்னைத் திட்டினார். ஓர் அம்மாள் அழுதாள். துணைக்கு வந்த ஒருவர், இதையெல்லாம் முன்னாலேயே சொல்வதற்கென்ன என்று சத்தம் போட்டார். எல்லோருக்கும் கோபம் என் மேல்தான், நான்தானே எதிரே நின்றேன்.

இளைஞன் கடைசியில் கேட்டான்: "அப்ப எங்களுக்கு ஒண்ணுமே இல்லையாக்கா?"

"இன்னும் இல்ல" என்றேன்.

அதைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. மற்றதையெல்லாம் கோபத்தில் சொல்லிவிட்டேன். அண்ணி அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

செவிலியர் பட்டியலைப் பார்த்தபடி இன்னொரு தடவை அவன் பெயரைக் கூப்பிட்டார். அவன் கதவு எந்தப் பக்கம் என்று முகத்தைத் திருப்பித் தேடினான், கண்டுபிடித்தான், கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அண்ணனுக்குப் பக்கத்தில் இருந்த தன் நாற்காலியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தான்.